குழல்வாயில் ஒரு கையெழுத்து

லிகுவான் தீவு
22 டிசம்பர் 1996

எஸ்தெலாவுக்கு,

இந்தத் தீவுக்கு வந்து ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறானே, ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். சரிதான், காரியம்தான். நேற்று என் துப்பாக்கி கடலில் விழுந்துவிட்டது.

படகிலிருந்து துறையில் இறங்கும்போது உறையிலிருந்து நழுவிவிட்டது. உடனே குதித்து எடுத்துவிட்டேன். வெளியே நன்றாகத் துடைத்தேன். இங்கே துப்பாக்கி எண்ணெய் கிடையாது. நான் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மானாங் ஊர்சா தேங்காய் எண்ணெய் கொடுத்தாள், அதைப் பூசினேன். "அரிசிக்குள்ள போட்டு வை, ஈரத்த இழுத்துக்கும்" என்றாள். அதையும் செய்தேன். இப்போது அது அரிசிப் பானைக்குள் இருக்கிறது. குதிரையை இழுத்தால் உள்ளே மணல் நறநறவென்கிறது.

சிக்கல் வேறு. பதினாறாம் தேதியே எங்கள் துப்பாக்கிகளின் வாயில் டேப் ஒட்டிவிட்டார்கள். உனக்குத்தான் தெரியுமே, புத்தாண்டுக்கு எந்தப் போலீஸ்காரனும் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்துச் சுடக்கூடாது என்று வருஷாவருஷம் செய்கிற கூத்து. டேப்பின் மேல் எங்கள் நிலையத் தலைவர் ரபாயா கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜனவரி இரண்டாம் தேதி அவரே பார்த்து உரிப்பார். அதற்கு முன் டேப் கிழிந்திருந்தால் சுட்டதாகத்தான் கணக்கு, விசாரணை, வேலை போய்விடும். அதனால் டேப்பில் கை வைக்காமல் மற்றதையெல்லாம் துடைத்திருக்கிறேன்.

இங்கே யாரிடமும் கேட்க முடியாது. நம் டனாவில் தெருவுக்கு நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு ரிவால்வர் செய்வார்கள். இங்கே அரம் இருக்கிறதா என்று கேட்டால் தேங்காய்த் துருவியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். என்ன செய்யட்டும் என்று மட்டும் எழுது, போதும்.

உன் அம்மாவுக்கு என் வணக்கம். சொல்ல வேண்டாம் என்று பட்டால் சொல்லாதே.

பாசிலியோ

*

டனாவ்
28 டிசம்பர் 1996

காவலர் பாசிலியோ லுமாபாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா உறையைப் பார்த்ததுமே "அடுப்புல போடு" என்றாள். போடலாம் என்றுதான் எடுத்துக்கொண்டு போனேன். துப்பாக்கி என்ன பாவம் செய்தது என்று பிரித்துப் படித்தேன். பதில் அதற்குத்தான், உனக்கு இல்லை.

முதலில் அந்த டேப்பைக் கிழி. இந்த வரியைப் படித்து முடித்ததும் கிழி. தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அது வெளியே வருகிற வழியை நீ ஒரு கையெழுத்துக்குப் பயந்து அடைத்து வைத்திருக்கிறாய். ஊறுகாய்க்குக் கூட இவ்வளவு பத்திரமாக யாரும் மூடி போடமாட்டார்கள். இரும்பு பிறந்த வீட்டில் ஆறு வருஷம் குடும்பம் நடத்திய ஆள் இப்படிச் செய்தான் என்று வெளியே சொன்னால் என்னைத்தான் சிரிப்பார்கள்.

தோட்டா ஆறையும் எடுத்துத் தனியே வை. அவற்றைக் காயவைத்துத் திரும்பப் போடாதே, அவை இனி குப்பை. துப்பாக்கியை நல்ல தண்ணீரில் முழுசாக அமுக்கி வை. ஆமாம், திரும்பவும் தண்ணீரில்தான். உப்பைத் தண்ணீர்தான் எடுக்கும், அரிசி எடுக்காது. தண்ணீரை மூன்று முறை மாற்று. பிறகு கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்று, அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். அதன் பிறகு மண்ணெண்ணெய். தேங்காய் எண்ணெயை மானாங் ஊர்சாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு, மீன் பொரிக்கட்டும். அது உள்ளே பிசினாக இறுகிவிடும்.

உள்பாகத்தை மூடியிருக்கும் பக்கத்தகட்டைக் கத்தி வைத்து நெம்பாதே. திருகாணிகளைக் கழற்றிவிட்டு, பிடிக்கு மேலே சட்டத்தில் மரக்கட்டையால் மெல்லத் தட்டு. தகடு தானாக எழும்பும். தட்டத் தெரியாதவன்தான் நெம்புவான்.

என் தம்பி உர்பானோ எப்படி இருக்கிறான் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். சிறையில் இருமல் வந்து இளைத்துவிட்டான். வியாழக்கிழமைதோறும் சோறு கொண்டு போகிறேன். மே மாதம் பதினெட்டாம் தேதி சாயங்காலம் நீ என் சமையலறையில் உட்கார்ந்து பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டாய். மறுநாள் காலையில் உரிமமில்லாத எங்கள் துப்பாக்கிப் பட்டறைக்குப் போலீஸ் வருகிறது என்று உனக்குத் தெரியும். "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். சொல்லாமல் இருந்ததைக்கூட என்றாவது மன்னிப்பேனோ என்னவோ, அந்த இரண்டாவது தட்டுச் சோற்றை மன்னிக்க முடியவில்லை.

எஸ்தெலா

*

லிகுவான்
3 ஜனவரி 1997

எஸ்தெலா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. டேப்பை நேற்றுக் காலையிலேயே உரித்தாகிவிட்டது. படகு இரண்டு நாள் முந்தியிருந்தால் இந்த அவமானம் இருந்திருக்காது.

ரபாயா தன் மேசையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாங்கள் மொத்தமே ஐந்து பேர். என் முறை வந்தது. கையெழுத்தை உற்றுப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், உரித்தார். குழலிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் பதிவேட்டின் மேல் சொட்டியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு இல்லை, எஸ்தெலா. அவர் என் பெயருக்கு நேரே சொட்டிய இடத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது? துப்பாக்கியா, தண்ணிக் குழாயா?" என்றார்.

மற்ற நால்வரும் சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பன்னிரண்டு நாளாகப் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. நான் டேப்பைக் கிழிக்காததற்குக் காரணம் சொன்னேன். "ஏன்யா, எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே உரிச்சுட்டு வேற டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பேனே!" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. வாயைத் திறந்து ஒருவரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்வது எனக்கு ஏன் தோன்றுவதே இல்லை என்று நீ கேட்பாய்.

மனுஷன் நல்லவர். மேலிடத்துக்கு எழுதவில்லை. பிப்ரவரி பதினைந்தாம் தேதி மாகாணத்திலிருந்து ஆயுத அதிகாரி வருகிறார், எல்லோரையும் ஆறு குண்டு சுடச் சொல்வார். "அதுக்குள்ள சுடுற மாதிரி பண்ணிடு. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்தகட்டை நெம்பித்தான் திறந்தேன். உன் கடிதம் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னால். ஓரம் கொஞ்சம் மடங்கிவிட்டது. திட்டு. உள்ளே பார்த்தால் வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, தேங்காய் எண்ணெய்தான். மெயின் ஸ்பிரிங்கில் துரு சொறி பிடித்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தட்டுச் சோற்றைப் பற்றி எழுதினாய். பதில் எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன்.

பாசிலியோ

*

டனாவ்
9 ஜனவரி 1997

பாசிலியோ,

ஸ்பிரிங்கைக் கழற்றி எனக்கு அனுப்பு. ஸ்பிரிங்கை மட்டும். துப்பாக்கியை அனுப்பிவிடாதே. எங்கள் வீட்டுக்கு இன்னொரு முறை போலீஸ் வரவேண்டாம்.

குழலுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிடு. பிறகு நேரான மூங்கில் குச்சியில் துணி சுற்றி, வாய்ப்பக்கத்திலிருந்து பின்பக்கம் தள்ளு. துணி சிவப்பாக வரும், பிறகு பழுப்பாக வரும், பிறகு சாம்பலாக வரும். சாம்பலாக வந்ததும் நிறுத்து. அதற்கு மேல் தேய்த்தால் துருவோடு குழலும் போய்விடும். மடங்கிய தகட்டைச் சுத்தியால் அடிக்காதே. ஈயக்கட்டி மேல் வைத்து மரக்கட்டையால் அழுத்து. ஈயத்துக்கு மானாங் ஊர்சாவின் மீன்வலையில் கட்டியிருக்கும் குண்டுகளை உருக்கு.

பதிவேட்டில் தண்ணீர் சொட்டியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள். பக்கத்து வீட்டு நாய் என்று சொன்னேன்.

கிழித்துப் போட்ட பதிலை எழுதி அனுப்பு.

எஸ்தெலா

*

லிகுவான்
14 ஜனவரி 1997

எஸ்தெலா,

ஸ்பிரிங் இதனுடன் வருகிறது. மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். துணி நீ சொன்ன வரிசையில் அப்படியே நிறம் மாறி வந்தது. சாம்பல் நிறத்தில் வந்தபோது ஓடிப்போய் மானாங் ஊர்சாவிடம் காட்டினேன். "அழுக்குத் துணியப் பாத்து இப்படிச் சிரிக்கிறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

கிழித்ததை எழுதுகிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்களுக்குச் சொன்னார்கள். ஞாயிறு காலை பத்து மணி, உங்கள் தெரு, உங்கள் பட்டறை. சொன்னவர் என் முகத்தையே பார்த்துச் சொன்னார். நான் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது நான் போட்ட கணக்கு இதுதான்: ஞாயிற்றுக்கிழமை, உர்பானோ சேவற்சண்டைக்குப் போய்விடுவான், பட்டறையில் யாரும் இருக்கமாட்டார்கள், இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பட்டறைப் பிடியையும் அரங்களையும் அள்ளிக்கொண்டு போவார்கள், சாமான் போனால் போகட்டும், ஆள் தப்பித்துவிடுவான், என் வேலையும் தப்பித்துவிடும். எல்லாம் சரியாக இருந்தது. அவன் சேவலுக்குக் கண் வீங்கியிருந்தது எனக்குத் தெரியாது. அவன் போகவில்லை, பட்டறையில் உட்கார்ந்து அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது தட்டு எதற்கென்றால், முதல் தட்டை முடித்ததும் எழுந்து கை கழுவ வேண்டும். கழுவிவிட்டு உன் முகத்தைப் பார்க்க வேண்டும். தட்டில் சோறு இருக்கும்வரை குனிந்தே இருக்கலாம். அவ்வளவுதான். பசியே இல்லை எனக்கு.

பாசிலியோ

*

டனாவ்
19 ஜனவரி 1997

பாசிலியோ,

ஸ்பிரிங் வந்தது. வளைத்துப் பார்த்தேன், இரண்டாக ஒடிந்துவிட்டது. இதைப் போட்டு நீ ஆறு குண்டு சுட்டிருந்தால் மூன்றாவதில் நின்றிருக்கும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் அறுத்துப் புதிதாகச் செய்கிறேன். பட்டறைப் பிடியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். மேசைக்காலில் கயிறு கட்டி, இரும்பை முட்டியில் இடுக்கிக்கொண்டு அரம் போடுகிறேன்.

வியாழன்வரை பொறுக்காமல் இன்றே சிறைக்குப் போய் உர்பானோவிடம் சொன்னேன், யாருடைய துப்பாக்கிக்கு என்று. கோபப்படுவான் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் இருமினான். பிறகு, "மச்சான் துப்பாக்கிக்கா? அப்ப ஒழுங்காப் பண்ணுக்கா. கண்டபடி பண்ணி அவன் கையில ஒடிஞ்சா நம்ம பேருதான் கெடும்" என்றான். "எண்ணெயில குளிக்க வச்சதுக்கு அப்புறம் இரும்புல மயில் நீலம் வர்ற வரைக்கும் காய்ச்சு. வைக்கோல் நிறத்துல எடுத்துடாத, நீ அவசரக்காரி" என்றான். சிறைக்குள் இருந்துகொண்டு எனக்கே பாடம்.

சேவலைப் பற்றியும் சொன்னேன். அது அவனுக்கும் தெரியாதே, நீ அந்தச் சேவலை நம்பித்தான் இருந்தாய் என்று. சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நீ எங்களுக்காகக் கணக்குப் போட்டாய். கணக்கை எங்களிடம் சொல்லியிருந்தால் சேவலுக்குக் கண் வீக்கம் என்று நாங்கள் சொல்லியிருப்போம்.

இன்னொன்று. இரண்டு வாரமாக மனத்தில் அரித்துக்கொண்டிருக்கிறது. உன் உறையின் பட்டைக்குப் பொத்தான் வைத்தது நான். இறுக்கமாக இருக்கிறது, கட்டைவிரல் வலிக்கிறது என்று நீ திட்டிக்கொண்டே இருப்பாய். பிடியிலிருந்து இடுப்புக்கு ஒரு கயிறும் உண்டு. பொத்தானும் கயிறும் இருக்கும்போது படகிலிருந்து இறங்கினால் அது நழுவாது. தலைகீழாக நின்றாலும் நழுவாது. பொத்தானை அவிழ்த்தது யார்? கயிற்றை அவிழ்த்தது யார்?

எஸ்தெலா

*

லிகுவான்
24 ஜனவரி 1997

இண்டாய்,

இந்தச் செல்லப் பெயரால் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு பெயரில் இதை எழுத வரவில்லை. கீழேயும் நீ கூப்பிட்ட டோங் என்றே போடுகிறேன்.

பொத்தானை நான்தான் அவிழ்த்தேன். கயிற்றையும். படகில் இல்லை, துறையின் கடைசியில்.

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி காலையில் நிலையத்தில் மற்ற நால்வரும் விடுப்பில் ஊருக்குப் போனார்கள், ரபாயாவும் வெளியே போயிருந்தார். மாலைவரை நான் மட்டும்தான். தீவில் எல்லோரும் தேவாலயத்தை அலங்கரிக்கப் போய்விட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று இல்லை, போலீஸ்காரனை எதற்குக் கூப்பிடுவது என்று விட்டிருப்பார்கள். பதினொரு மணிக்குத் துறைக்குப் போனேன். ஏழு மாதமாக என்னிடம் ஒருவரும் "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை. மானாங் ஊர்சா சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இதையெல்லாம் சொன்னால் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அன்றைக்குச் சின்னதாக இல்லை.

துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். அதன் வாயை என் பக்கம் திருப்பினேன். அதற்கு மேல் விவரிக்கமாட்டேன். குழல்வாயில் டேப்பும் டேப்பின் மேல் ரபாயாவின் கையெழுத்தும் இருந்தன. ஒட்டும்போது நான் எதிர்ப்பக்கம் நின்றதால் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது நேராக, தெளிவாகப் படிக்க முடிந்தது. கீழே தேதி கூடப் போட்டிருந்தார். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இந்த டேப் கிழிந்தால் விசாரணை வருமே என்றுதான். சத்தியமாக அதுதான். பிறகு நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே உறைத்தது. தூக்கிக் கடலில் போட்டுவிட்டேன்.

உடனே குதிக்கவில்லை. அது பொய். நீர் வற்றும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், ஐந்து மணி நேரம். அது கிடந்த இடம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அரசாங்கச் சொத்து, எடுத்துத்தான் ஆகவேண்டும். முட்டளவு தண்ணீர் ஆனதும் நடந்து போய் எடுத்தேன்.

மறுநாள் உனக்குக் கடிதம் எழுதினேன். துப்பாக்கி பழுதானதால்தான் எழுதினேன் என்று நினைத்திருப்பாய். உனக்கு எழுத ஒரு காரணம் கிடைத்தது.

டோங்

*

டனாவ்
29 ஜனவரி 1997

டோங்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து பார்த்தாள். "யாரு செத்தா?" என்றாள். யாரும் சாகவில்லை அம்மா, அதுதான் அழுகிறேன் என்றேன்.

முட்டாள். காகிதத்தில் பசை தடவியது போன்ற அந்த டேப் எதையும் நிறுத்தாது என்று உனக்குத் தெரியும். ஆறு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தவனுக்குத் தெரியாதா? அன்று உன்னை நிறுத்தியது ரபாயாவின் கையெழுத்து இல்லை.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். உர்பானோ வெளியே வந்தாலும் அந்தக் கோபம் போகுமா தெரியாது. ஆனால் நீ அங்கே தனியாகக் கிடந்து செத்துப் போவதற்காக நான் கோபப்படவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு. இதை உன் தலையில் ஏற்றிக்கொள்.

ஸ்பிரிங் போன புதன்கிழமையே தயாராகிவிட்டது. மயில் நீலம். இரண்டு முனையும் சேரும்வரை வளைத்தேன், விட்டதும் நேராக நின்றது. இவ்வளவு நன்றாக நான் செய்ததே இல்லை. இதை உனக்கு அனுப்பமாட்டேன்.

இது இல்லாமல் உன் துப்பாக்கி வெறும் இரும்பு. குதிரையை இழுத்தால் தொங்கும். அப்படியே இருக்கட்டும். பதினைந்தாம் தேதி அதிகாரி சுடச் சொன்னால் சுடாது, உன் வேலை போகும். போகட்டும். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சாப்பிட்டாயா?

எஸ்தெலா

*

லிகுவான்
3 பிப்ரவரி 1997

இண்டாய்,

சாப்பிட்டேன். கருவாடும் சோறும். மானாங் ஊர்சாவிடம் இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். "கூப்பிட மாட்டியான்னுதான் இத்தன நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன். போலீஸ்காரன் கூட உக்காந்தா ஏதாவது நெனச்சுக்குவியோன்னு பயம்" என்றாள். எட்டு மாதமாக அவளும் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம்.

இன்று காலை ரபாயாவிடம் போனேன். துப்பாக்கியை மேசையில் வைத்தேன். உள்ளே ஸ்பிரிங் இல்லை, பதினைந்தாம் தேதி இது சுடாது, கடலில் விழவில்லை, நான் போட்டேன் என்று சொன்னேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். மனுஷன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு துப்பாக்கியை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "வேல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுய்யா. அத அப்புறம் பாப்போம். நீ மொதல்ல ஊருக்குப் போ" என்று பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டார்.

ஆகவே ஸ்பிரிங் எனக்கு வேண்டாம். அதை வாங்க வரவில்லை.

இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கையில் இருக்கும். நான் பன்னிரண்டாம் தேதி, சாம்பல் புதன் அன்று, காலை பத்து மணிக்கு உங்கள் தெருவுக்கு வருகிறேன். சீருடையில் இல்லை, தனியாக. அடுத்த நாள் வியாழன், விட்டால் உன்னோடு சிறைக்கும் வருவேன், உர்பானோவிடம் நானே சொல்லவேண்டியது இருக்கிறது. என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் உனக்கு நடுவில் முழுசாக மூன்று நாள் இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடு. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

டோங்